வகுப்பறையில் தொடர் சீண்டலை நிறுத்துவது எப்படி: வகுப்பாசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள ஒரு வகுப்பின் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. ஒரு பிள்ளையைச் சிலர் விடாமல் கேலி செய்கிறார்கள், அடிக்கிறார்கள், அல்லது யாரும் அதனோடு பேசக்கூடாது என்று ஒதுக்கிவைக்கிறார்கள் என்று உங்கள் காதுக்கு வருகிறது. அந்த நிமிடத்திலிருந்து எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. பெற்றோரும் இதைப் படிக்கலாம். பள்ளியிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியும்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒன்றையே செய்கிறார்கள். இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு நிற்கவைத்து, “என்ன நடந்தது?” என்று கேட்டு, ‘சாரி’ சொல்லவைத்து, கை குலுக்கவைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். மறுநாள் அது வகுப்பறையை விட்டுக் கழிவறைக்கும் வேனுக்கும் டியூஷன் வாசலுக்கும் நகர்ந்திருக்கும். ‘போட்டுக் கொடுத்தவன்’ என்ற பெயரும் அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அக்கறை இல்லாததால் இப்படி ஆவதில்லை. வரிசை தப்பியதால் ஆகிறது.

தொடங்கும் முன் வேண்டியவை

இதற்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு டைரியில் எழுதினால் லீடர் படித்துவிடுவான். வெளியிலிருந்து பார்த்தால் பேசுவது தெரியாத ஓர் அறை வேண்டும். ஸ்டாஃப் ரூம் இதற்கு உதவாது, அங்கே போகும் பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். வகுப்பில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்ற வரைபடம், யார் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்ற விவரம், பெற்றோரின் எண்கள் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

குழந்தைகள் உதவி எண் 1098, தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. மூன்றையும் ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள். அவசரத்தில் தேட நேரம் இருக்காது.

தலைமை ஆசிரியரிடம் முதல் நாளே வாய்மொழியாகவாவது சொல்லிவிடுங்கள். பின்னால் ஒரு பெற்றோர் கோபத்தோடு வந்து நிற்கும்போது அவருக்கு எதுவுமே தெரியாது என்ற நிலை வந்தால், நீங்கள் செய்த நல்ல வேலையும் எடுபடாது.

1. இது சண்டையா, சீண்டலா என்று பாருங்கள்

பள்ளிச் சீண்டலைப் பற்றி நார்வேயில் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் டான் ஓல்வியஸ். அவர் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது. இன்றும் பல நாடுகளில் இதை வைத்துத்தான் தொடங்குகிறார்கள்.

இதில் மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மட்டைக்காக இரண்டு பேர் கட்டிப்புரண்டால் அது சண்டை. இருவரையும் உட்காரவைத்துப் பேசலாம். ஒருவனுடைய டிபன் பாக்ஸை நான்கு பேர் தினமும் திறந்து முகர்ந்து பார்த்துச் சிரித்தால் அது சீண்டல். அங்கே சமரசம் பேச ஒன்றுமில்லை. பாதிக்கப்பட்டவன் விட்டுக்கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை.

பலம் என்பது உடம்பு மட்டும் இல்லை. ஆள் எண்ணிக்கை, சாதி, நிறம், அப்பாவின் வேலை, இங்கிலீஷ் பேசுவது, ஊர்க்காரன் வெளியூர்க்காரன் என்பது, விடுதிப் பிள்ளை என்பது எல்லாமே பலத்தைச் சாய்க்கும். பெண் பிள்ளைகளிடையே இது பல நேரம் சத்தமே இல்லாமல் நடக்கிறது. “அவகூடப் பேசினா எங்க செட்ல நீ இல்ல” என்ற ஒரு வாக்கியம் போதும். அடி விழவில்லை என்பதால் அதைச் சிறிதாக எண்ணாதீர்கள். திக்கிப் பேசும் பிள்ளை, நடையில் குறை உள்ள பிள்ளை, ‘பொம்பள மாதிரி நடக்கிறான்’ என்று கேலிக்கு ஆளாகும் பையன் ஆகியோரைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

திரும்பத் திரும்ப நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரே ஒரு வீடியோவை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், போட்டது ஒருமுறைதான். ஆனால் அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை யார் அதைப் பார்த்தாலும் மறுபடி நடந்ததுபோலத்தான்.

2. உங்கள் கையில் வைத்துக்கொள்ளக் கூடாதவற்றைப் பிரித்துவிடுங்கள்

பேச்சைத் தொடங்கும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். சிலவற்றை வகுப்பாசிரியர் விசாரிக்கவே கூடாது.

பாலியல் சீண்டல் என்ற ஐயம் வந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். “பள்ளியின் பெயர் கெட்டுவிடும்” என்று யார் சொன்னாலும் இது மாறாது. பிள்ளை தானாகச் சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். அந்த விசாரணைக்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஒரே கதையைப் பத்து பேரிடம் சொல்லவைப்பது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தண்டனை.

“செத்துப்போயிடலாம்னு இருக்கு” என்று பிள்ளை சொன்னால், அதைத் தனியாக விடாதீர்கள். பெற்றோர் வந்து சேரும்வரை ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். அந்த எண்ணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்பதால் அது கூடிவிடாது. கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 14416ஐ அப்போதே அழையுங்கள்.

சாதி சொல்லித் திட்டுவது, வேலை ஏவுவது, பணம் பறிப்பது ஆகியவை இருந்தால் அன்றே தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததைத் தமிழ்நாட்டு ஆசிரியர் யாரும் மறந்திருக்க முடியாது. சாதி வெறியோடு தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிப் பட்டியல் சமூக மாணவர் ஒருவர் பள்ளியில் தெரிவித்தார். அதன்பின் உடன் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. புகார் கொடுத்த பிள்ளைக்கு மிக ஆபத்தான நேரம் அந்தப் புகார் வெளியே தெரிந்த முதல் சில மணி நேரம்தான். இந்த வழிகாட்டியில் விசாரணைக்கு முன்னால் பாதுகாப்பு வருவது அதனால்தான்.

3. பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில், தனியாக

வேறு ஏதாவது காரணம் சொல்லிக் கூப்பிடுங்கள். நோட்டு எடுத்துவரச் சொல்வதுபோல இருக்கட்டும். இன்டர்வெலில் கூப்பிடாதீர்கள், எல்லோரும் வெளியே நிற்கும் நேரம் அது.

“நீ என்ன பண்ணின?”, “ஏன் முன்னாடியே சொல்லல?” என்ற இரண்டு கேள்விகளும் வேண்டாம். தப்பு தன்மேல்தான் என்று பிள்ளை ஏற்கெனவே பாதி நம்பிக்கொண்டிருக்கும். உங்கள் கேள்வி மீதியையும் நம்பவைத்துவிடும். எங்கே நடக்கிறது, எந்த நேரத்தில், அப்போது யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேளுங்கள். இடமும் நேரமும் கேட்டால் பிள்ளைக்குப் பதில் சொல்வது எளிது, அழுகை குறையும், உங்களுக்கும் பயன்படுகிற செய்தி கிடைக்கும்.

“யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாது. “யாரிடம் சொல்ல வேண்டியிருக்கிறதோ அதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்” என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

கடைசியாக ஒரு கேள்வி: “நீ சொன்னது அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்னு பயப்படுற?” அடுத்து எங்கெல்லாம் பாதுகாப்பு போட வேண்டும் என்பதை இந்தப் பதில்தான் காட்டும்.

4. அன்றே எழுதுங்கள்

தேதி, நேரம், இடம், செய்தவர், பார்த்தவர், சொன்ன வார்த்தை, செய்த செயல். இவ்வளவுதான். “கேலி செய்தான்” என்று பொதுவாக எழுதாதீர்கள். என்ன பட்டப்பெயர் என்பதையே எழுதுங்கள், எழுதக் கூசினாலும். பின்னால் “சும்மா விளையாட்டுக்குக் கூப்பிட்டோம்” என்று பேச்சு வரும்போது, அந்த வார்த்தை காகிதத்தில் இருந்தால் அதற்குமேல் விவாதம் நீளாது.

நான்கைந்து பதிவுகள் சேர்ந்ததும் ஒரு வடிவம் தெரியும். பி.இ.டி. பீரியடுக்கு முன்னால் வகுப்பு காலியாகும் சில நிமிடங்கள், சைக்கிள் ஸ்டாண்டு, மதிய உணவு வரிசையின் பின்பகுதி, ஆசிரியர் வராத பீரியடு என்று இரண்டு மூன்று இடங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். எங்கே ஆள் நிற்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிகிறது. பள்ளி முழுவதும் கண்காணிக்க யாராலும் முடியாது. இரண்டு இடங்களைக் கண்காணிக்க முடியும்.

5. மணி அடிப்பதற்குள் பாதுகாப்பு

பாதிக்கப்பட்ட பிள்ளை அன்று மாலை வீட்டுக்குப் போவதற்குள் மூன்று விஷயங்கள் முடிவாகியிருக்க வேண்டும்: எங்கே உட்காரும், இன்டர்வெலில் எங்கே இருக்கும், யாரோடு வீட்டுக்குப் போகும்.

வேனில் நடக்கிறது என்றால் ஓட்டுநரிடமோ உடன் வரும் அக்காவிடமோ சொல்லி முன் இருக்கையில் உட்காரவையுங்கள். சைக்கிளில் போகும் பிள்ளை என்றால் பெற்றோரை வரச்சொல்லுங்கள். அரசுப் பேருந்து என்றால் அதே நிறுத்தத்தில் இறங்கும் நம்பிக்கையான மூத்த மாணவர் ஒருவரைக் கூட அனுப்பலாம்.

இடம் மாற்ற வேண்டியிருந்தால் சீண்டியவர்களை மாற்றுங்கள். “உன் நல்லதுக்குத்தான்” என்று பாதிக்கப்பட்ட பிள்ளையை ‘பி’ செக்ஷனுக்கு அனுப்புவது மிகவும் பரவலான தவறு. அது ஒன்றிரண்டு நண்பர்களையும் இழந்து, புது வகுப்பில் ‘அங்கிருந்து துரத்தப்பட்டவன்’ என்ற பெயரோடு நுழைகிறது. டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வதும் இதே தவறின் பெரிய வடிவம்தான்.

6. பார்த்த பிள்ளைகளிடம் பேசுங்கள்

என் அனுபவத்தில் வழக்குகள் பெரும்பாலும் திரும்புவது இந்தப் படியில்தான். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சீண்டல் என்பது இரண்டு பேர் விவகாரம் இல்லை. ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சல்மிவல்லி, வகுப்பில் உள்ளவர்கள் இதில் என்னென்ன வேடம் ஏற்கிறார்கள் என்று 1990களில் ஆராய்ந்தார். முன்நின்று செய்பவர், கூடச் சேர்பவர், சிரித்து ஊக்கம் கொடுப்பவர், விலகி நிற்பவர், காப்பாற்ற வருபவர் என்று வகுப்பே பிரிந்து கிடக்கும். பிற்பாடு அந்நாட்டுப் பள்ளிகளில் பரவிய ‘கிவா’ திட்டம் இந்த அறிவின்மேல்தான் கட்டப்பட்டது. டொராண்டோ பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பார்த்த கனடா ஆய்வாளர்கள், உடனிருந்த பிள்ளைகள் குறுக்கிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட முறை பத்து நொடிக்குள் சீண்டல் நின்றதைக் கண்டார்கள். சிரிப்பவர்கள் சிரிக்காமல் இருந்தால், முன்நின்று செய்பவனுக்கு அதில் கிடைப்பது பாதியாகக் குறைந்துவிடும்.

பேசும் முறை முக்கியம். “யார் பார்த்தீர்கள், கை தூக்குங்கள்” என்று வகுப்பில் கேட்காதீர்கள். ஏழெட்டுப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிடுங்கள், சம்பந்தமே இல்லாத சிலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று அப்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் அறிந்தவை பல பேரிடமிருந்து வந்தவையாகிவிடும், பாதிக்கப்பட்ட பிள்ளைமேல் இருக்கும் சந்தேகமும் கரையும்.

இவர்களில் வகுப்பில் மதிப்பு உள்ள இரண்டு முதல் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு சின்ன வேலை கொடுங்கள். மதியம் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுவது, இன்டர்வெலில் கூடவே நடப்பது போன்றவை. கிவா திட்டத்திலும் இந்தப் படி உண்டு. எதிர்த்துச் சண்டை போடச் சொல்லாதீர்கள், காவலுக்கு நிற்கச் சொல்லாதீர்கள். கூட இருந்தால் போதும். தனியாக நிற்கும் பிள்ளையைத்தான் தேடி வருகிறார்கள்.

7. சீண்டிய பிள்ளைகளிடம்: ஒருவர் பின் ஒருவராக, ஒரே பீரியடில்

குழுவாகக் கூப்பிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே பதிலைச் சொல்வார்கள். ஒருவனை இன்று, இன்னொருவனை நாளை என்று கூப்பிட்டால் இரவுக்குள் பேசி வைத்துக்கொள்வார்கள். அதனால் ஒரே பீரியடில், ஒருவன் வெளியே போகும்போது அடுத்தவன் உள்ளே வர வேண்டும். இடையில் சந்திக்காமல் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆசிரியரின் உதவி தேவைப்படும்.

“நீதான் செய்தாயா?” என்று தொடங்காதீர்கள். இல்லை என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு பதில் வராது. “அவன் ரெண்டு வாரமா மதியம் தனியா உட்கார்ந்திருக்கான். உனக்குத் தெரியுமா?” என்று தெரிந்த உண்மையிலிருந்து தொடங்குங்கள். பிறகு, “நாளையிலிருந்து நீ என்ன மாத்திக்கப் போற?” என்று கேளுங்கள். ‘நல்லா நடந்துக்கிறேன்’ என்பது பதில் ஆகாது. அந்தப் பட்டப்பெயரைக் கூப்பிட மாட்டேன், டிபன் பாக்ஸைத் தொட மாட்டேன், கெடுத்த நோட்டை எழுதிக் கொடுப்பேன் என்று பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடிக்காதீர்கள், வகுப்பின் முன் மண்டியிட வைக்காதீர்கள். 2009 கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பலமுள்ளவர் பலமில்லாதவரை அவமானப்படுத்தலாம் என்பதைத்தான் அந்தப் பிள்ளை ஏற்கெனவே கற்று வைத்திருக்கிறது. நீங்களும் அதையே செய்து காட்டினால், வாங்கிய அடியைச் சாயங்காலம் அது வேறொருவனிடம் இறக்கிவைக்கும்.

இந்தப் பேச்சில், சீண்டும் பிள்ளையே வீட்டில் அடி வாங்குகிறது, மூத்த மாணவர்களிடம் சிக்கியிருக்கிறது என்று தெரியவரலாம். அதற்கும் உதவி வேண்டும். ஆனால் அந்தக் காரணத்தால் மாலைக்குள் போட்ட பாதுகாப்பைத் தளர்த்தாதீர்கள்.

‘சாரி’ இன்றைக்கு வேண்டாம். சில வாரம் கழித்து, பாதிக்கப்பட்ட பிள்ளை விரும்பினால், பார்க்கலாம்.

8. பெற்றோரை அழைக்கும் வரிசை

பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோரை முதல் நாளே அழையுங்கள். அவர்கள் இதைப் பக்கத்து வீட்டிலிருந்து கேள்விப்படக் கூடாது. அப்பா “திருப்பி ரெண்டு போடுன்னு சொல்லியிருக்கேன் சார்” என்பார். பொறுமையாக விளக்குங்கள்: நான்கு பேருக்கு எதிரே ஒருவன் திருப்பி அடித்தால் அடி கூடத்தான் செய்யும், சமயத்தில் அவன் மேலேயே நடவடிக்கை பாயும்.

சீண்டிய பிள்ளைகளின் பெற்றோரை வேறு நாளில் அழையுங்கள். இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் அரை மணி நேரத்தில் அது ஊர் வழக்காகிவிடும், பிள்ளைகள் மறந்துபோவார்கள். “உங்க பையன் ரவுடி” என்று தொடங்காமல், நோட்டில் உள்ள தேதியையும் செயலையும் படித்துக் காட்டுங்கள். பள்ளியிலேயே பிள்ளையை அறையக் கை ஓங்கும் பெற்றோர் உண்டு. பிள்ளையை வெளியே வைத்துவிட்டுப் பேசினால் இதைத் தவிர்க்கலாம்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்று. வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல் தேதி போட்டுத் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். எதிர்த்தரப்புப் பிள்ளையைப் பள்ளி வாசலில் நிறுத்தி மிரட்டாதீர்கள். உங்கள் பிள்ளையின் புகார் அங்கேயே வலுவிழந்துவிடும்.

9. ஃபோனில் நடந்திருந்தால்

அழிக்கச் சொல்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். அனுப்பிய எண், குரூப் பெயர், தேதி தெரிய வேண்டும். பிறகு அந்தந்தச் செயலியிலேயே புகார் செய்து நீக்கச் சொல்லலாம். போலிக் கணக்கு, மிரட்டல் என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது.

படம் ஆபாசமானது என்றால் இந்த முறை பொருந்தாது. சிறுவர் சிறுமியரின் ஆபாசப் படத்தைச் சான்றுக்காக என்றுகூட உங்கள் ஃபோனுக்கு வாங்காதீர்கள், தலைமை ஆசிரியருக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவுப்படி அதைப் பரப்புவதும் சேமிப்பதும் குற்றம். ஃபோனை அப்படியே வைத்துக்கொண்டு, பெற்றோருடன் நேராகக் காவல்துறைக்குப் போங்கள்.

10. வகுப்பில் மாற்ற வேண்டியவை

இங்கே செலவு ஏதும் இல்லை. பெயரின் அகர வரிசைப்படி உட்காரவையுங்கள். நாங்குநேரி சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்டு 2024இல் அறிக்கை கொடுத்த நீதிபதி சந்துரு குழுவும் இதைப் பரிந்துரைத்தது, சாதி அடையாளக் கயிறுகளைத் தடுக்கவும் சொன்னது. விளையாட்டில் கேப்டன்கள் ஆள் பொறுக்கும் முறையை நிறுத்துங்கள். கடைசியில் மிஞ்சுவது எப்போதும் அதே பிள்ளைதான். நீங்களே எண் சொல்லிப் பிரித்துவிடுங்கள்.

ஆசிரியர்கள் வைக்கும் பட்டப்பெயர்களையும் நிறுத்த வேண்டும். ‘குண்டு’, ‘கருப்பி’ என்று அன்பாகத்தான் கூப்பிடுகிறோம் என்பார்கள். ஆசிரியர் வாயிலிருந்து வந்த பெயருக்கு வகுப்பில் அனுமதி கிடைத்துவிடுகிறது.

போட்டுக் கொடுப்பதற்கும் உதவி கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் ஒருமுறை பொதுவாகப் பேசுங்கள். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது வேறு, ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்வது வேறு. ஆனால் புகார் ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் இந்தப் பாடத்தை எடுக்காதீர்கள். எல்லாக் கண்களும் ஒரே பெஞ்சை நோக்கித் திரும்பும்.

11. திரும்பிப் போய்க் கேளுங்கள்

மறுநாள், ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து. இந்தத் தேதிகளை முதல் நாளே காலண்டரில் குறித்துவிடுங்கள். “இப்ப எல்லாம் சரியா?” என்று கேட்டால் “சரிங்க மிஸ்” என்றுதான் பதில் வரும். “நேத்து மதியம் யார்கூடச் சாப்பிட்ட? பஸ்ல எங்க உட்கார்ந்த?” என்று கேளுங்கள். பதில் தயங்கினால் நிற்கவில்லை என்று பொருள். சீண்டியவர்களையும் கூப்பிட்டு, அவர்கள் சொன்னதைச் செய்தார்களா என்று நோட்டை வைத்துக் கேளுங்கள். யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள் என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள்.

திங்கள்கிழமை தோறும் வயிற்றுவலி, பள்ளியில் கழிவறைக்கே போகாமல் அடக்கிவைத்து வீட்டுக்கு ஓடுவது, பேனாவும் பணமும் அடிக்கடி ‘தொலைவது’, திடீரென மதிப்பெண் இறங்குவது ஆகியவை தொடர்ந்தால் மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஒரு மாதத்தில் நிற்கவில்லை என்றால் உங்கள் மட்டத்திலேயே வைத்துக்கொண்டிருக்காதீர்கள். தமிழகப் பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, ‘மாணவர் மனசு’ பெட்டி, பள்ளி மேலாண்மைக் குழு ஆகியவை இருக்கின்றன. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் சீண்டல் தடுப்புக் குழு அமைக்க வேண்டும் என்று 2015இல் வந்த சுற்றறிக்கையைக் காட்டிக் கேட்கலாம். அங்கும் நகரவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், 14417, பிறகு மாவட்டக் குழந்தைகள் நலக் குழு அல்லது 1098. ஒவ்வொரு இடத்திலும் முதலில் கேட்பது தேதியும் எழுத்தும்தான். நான்காம் படியில் தொடங்கிய நோட்டின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள், மற்ற பிள்ளைகளின் பெயர்களை மறைத்துவிட்டு.